ஃப்ளை கட்டும் மேசை: எது கைக்கு எட்ட வேண்டும், எது கண்ணில் படக் கூடாது

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் உரோமமும் நூலால் சுற்றிச் செய்யும் செயற்கைப் பூச்சி இரை, கட்டத் தொடங்கி உங்களுக்கு ஓராண்டு ஆகிறது. இதுவரை சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைஸை (முள்ளைப் பிடித்து நிறுத்தும் கருவி) மாட்டிக் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் வாரிப் போடுவது வழக்கம். இப்போது அறையின் ஒரு மூலை நிரந்தரமாகக் கிடைத்திருக்கிறது. அங்கே என்ன மேசை போடுவது, எதை எங்கே வைப்பது, இறகையும் உரோமத்தையும் எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்னும் ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். அடுக்குப் பெட்டி, கருவித் தாங்கி, சுவரில் மாட்டும் துளைப்பலகை என்று முதலிலேயே வாங்கிக் குவிப்பவர்கள், பிறகு அந்தப் பெட்டிகளுக்கு ஏற்பத் தங்கள் வேலையை வளைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் நீங்கள் கட்டும் ஃப்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். கட்ட ஆசைப்படுபவற்றை விட்டுவிடுங்கள். வழக்கமாகக் கட்டுபவை மட்டும் போதும். ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், வூலி பக்கர், எல்க் ஹேர் கேடிஸ், ஆடம்ஸ் என்று ஆரம்பித்தால் பெரும்பாலானோருக்குப் பட்டியல் பத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேவைப்படும் முள், நூல், இறகு, உரோமம், கம்பி ஆகியவற்றை எழுதினால், வீட்டில் இருக்கும் சரக்கில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் வராது என்பது தெரிந்துவிடும். பிறகு வெறும் மேசை, வைஸ், விளக்கு மட்டும் போட்டுக்கொண்டு சில நாள்கள் கட்டிப் பாருங்கள். கத்தரிக்கோலை வைக்கக் கை தானாக எந்தப் பக்கம் போகிறது, எதைத் தேடி எழுந்து போகிறீர்கள் என்று கவனித்தால், பாதி மேசை அங்கேயே முடிவாகிவிடும்.

மேசைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, இன்று கட்டும் ஃப்ளைக்கு இடம் கொடுப்பது. மற்றொன்று, இனி எப்போதோ கட்டப்போகும் ஃப்ளைகளுக்கான சரக்கைக் காப்பது. இரண்டின் தேவைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். கட்டும் இடத்துக்கு வெளிச்சமும் திறந்த பரப்பும் வேண்டும். சரக்குக்கு இருட்டும் இறுகிய மூடியும் ஈரமில்லாத காற்றும் வேண்டும். ஒரே பலகையில் இரண்டையும் நடத்தப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. படங்களில் பார்க்கிறோமே, வைஸுக்குப் பின்னால் நூற்கண்டுகள் வரிசையாக நிற்க, சுவரெங்கும் இறகோடு கூடிய சேவல் கழுத்துத் தோல்கள் தொங்கும் மேசைகள், அவை பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தோல்களுக்குக் கிடைப்பது வெயிலும் தூசியும் பூச்சியும்.

மேசையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வழக்கமான எழுதும் மேசையின் உயரம், அதாவது 72 முதல் 76 சென்டிமீட்டர், சரியாக இருக்கும். அகலம் ஒரு மீட்டர் இருந்தால் தாராளம். ஆழம் 60 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பின்பகுதிக்குக் கை எட்டாது. அங்கே வேண்டாதவைதான் சேரும். வாங்குவதற்கு முன் முன்விளிம்பின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். இழுப்பறையோ குறுக்குச் சட்டமோ இருந்தால், சி வடிவக் கவ்வியுள்ள வைஸ் அங்கே பிடிக்காது. கண்ணாடி மேற்பரப்பு வேண்டாம். விளக்கொளியைக் கண்ணில் எறியும், முள்ளில் கோக்கும் சிறு உலோக மணி விழுந்தால் துள்ளி ஓடும். துணியோ கம்பளியோ விரிப்பதும் வேண்டாம், முள் மாட்டிக்கொள்ளும். பளபளப்பில்லாத வெளிர் நிறப் பலகை, முன்விளிம்பில் பொருள் உருண்டு விழாமல் தடுக்க அரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டிய மெல்லிய மரச்சட்டம், இவ்வளவு போதும். மடக்கும் மூடியும் குட்டிக் குட்டி அறைகளும் கொண்ட சுருள்மூடி மேசைகளை இந்த வேலைக்கென்றே செய்து விற்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அறைகள் எல்லாம் ஒரே அளவு. பொருள்கள் அப்படி இல்லை.

வைஸ் கவ்வியா, கனத்த அடித்தட்டா என்று பலரும் தடுமாறுகிறார்கள். நிரந்தர மேசை என்றால் என் ஓட்டு கவ்விக்கு. மான் உரோமத்தை முள்ளில் சுழலவிட்டு நூலை இறுக்கும்போது நல்ல விசை விழும். கவ்வி அசையாது, மேசைப் பரப்பையும் தின்னாது, தண்டை ஏற்றி இறக்கி உயரத்தையும் மாற்றலாம். அடித்தட்டு வைஸ் ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு வசதி. முள்ளின் தண்டு வைஸின் சுழல் அச்சோடு நேராக நிற்கும் முழுச் சுழற்சி வைஸ் நல்ல கருவிதான். வூலி பக்கரின் உடலில் ஹேக்கிளை (சேவலின் நீண்ட இறகு) சுற்றும்போதும், ஃப்ளையின் மறுபக்கத்தைப் பார்க்கும்போதும் அதன் அருமை தெரியும். ஆனால் கையில் இருக்கும் வைஸின் தாடை உங்கள் சிறிய முள்ளையும் பெரிய முள்ளையும் நழுவாமல் பிடிக்கிறது என்றால், மாற்றுவதற்கு அவசரமில்லை. வலக்கைக்காரர்களுக்குத் தண்டு சற்று இடப்புறம் நின்று, முள்ளின் கண் வலப்புறம் பார்க்க வேண்டும். இடக்கைக்காரர்கள் இங்கே நான் சொல்லும் இடமும் வலமும் அனைத்தையும் மாற்றிக்கொள்ளலாம். உயரத்தைப் பொறுத்தவரை, முழங்கைகள் மேசை விளிம்பில் தாங்கியிருக்க, முள் மார்பின் நடுப்பகுதிக்கு நேராக, கண்ணிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒரு டஜன் கட்டி முடித்ததும் கழுத்து வலித்தால் வைஸ் தாழ்வு, தோள் வலித்தால் உயரம்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் விளக்கு. வைஸுக்குச் செலவழித்ததில் பாதிகூட விளக்குக்குச் செலவழிக்காதவர்களே அதிகம். விளக்கின் பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஒளியின் நிற வெப்பநிலை: 5000 கெல்வினை ஒட்டி இருந்தால் பகல் வெளிச்சத்துக்கு அருகில் வரும். மற்றொன்று நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ மதிப்பு: 90-க்கு மேல் இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் ஆலிவும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். மறுநாள் ஆற்றங்கரையில்தான் வித்தியாசம் புரியும். ஒரே விளக்கு மேலிருந்து விழுந்தால் உங்கள் விரல்களின் நிழல் முள்ளின் மேல் படியும். இடமும் வலமுமாக இரண்டு சிறிய விளக்குகள் வைத்தால் ஒன்றின் நிழலை மற்றது கரைக்கும். விளக்கின் வாய் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒளி நேராகக் கண்ணில் அடிக்காது. வைஸுக்குப் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் வெளிர் சாம்பல் அல்லது வெளிர் பச்சை அட்டை ஒன்றை நிறுத்துங்கள். செலவே இல்லாத இந்த ஓர் ஏற்பாடு கண்ணின் களைப்பைப் பெரிதும் குறைக்கும். ஹேக்கிளின் ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரியும்.

ஸ்காட்லாந்தின் சதர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த மேகன் பாய்ட் (1915–2001) சால்மன் ஃப்ளைகளுக்காக உலகப் புகழ் பெற்றவர். நெடுங்காலம் மின்சாரம் இல்லாத குடிலில் வாழ்ந்தபடி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கட்டினார். 1971-இல் பிரிட்டிஷ் அரசின் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று விழாவுக்கே போகவில்லை. கடைசியில் அவருடைய பார்வை மங்கியதால்தான் கட்டுவதை நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சம் அருமையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். நேர் எதிரே போட்டால் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும், வெயில் சாயத்தை வெளிறச் செய்யும். புறஊதாப் பிசின் பயன்படுத்துகிறவர்களுக்கு ஜன்னலால் வரும் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

உருப்பெருக்கி வாங்கும்போது அதிகப் பெருக்கத்துக்கு ஆசைப்படாதீர்கள். வில்லையின் திறனை டயாப்டரில் சொல்வார்கள். 3 டயாப்டர் வில்லையின் குவியத் தூரம் சுமார் 33 சென்டிமீட்டர். 5 டயாப்டருக்கு 20 சென்டிமீட்டர்தான். பெருக்கம் கூடக் கூட, வில்லைக்கும் ஃப்ளைக்கும் இடையே கையும் பாபினும் (நூற்கண்டைப் பிடிக்கும் குழல் கருவி) புழங்க இடம் குறைந்துகொண்டே போகும். 18-ஆம் எண்ணைவிடச் சிறிய முட்களைத் தினமும் கட்டாதவருக்கு 3 டயாப்டரே போதும். பலருக்கு, இந்தத் தூரத்துக்கென்று கண் மருத்துவரிடம் அளந்து வாங்கிய படிப்புக் கண்ணாடி எந்த வில்லையையும்விட நன்றாக உதவும்.

இனி கருவிகள். அன்றாடம் கை தேடுபவை மிகச் சில: கத்தரிக்கோல், பாபின், ஹேக்கிள் குறடு, முடிச்சுப் போடும் விப் ஃபினிஷர், மரக்கைப்பிடி போட்ட ஊசி. இந்த ஐந்துக்கும் வைஸின் வலப்புறம், கையை நீட்டாமல் எட்டும் இடத்தில் நிலையான இடம் கொடுங்கள். உரோமம் அடுக்கும் குழல், டப்பிங் (நூலில் முறுக்கிச் சுற்றும் உரோம இழை) முறுக்கி, நூல்கோர்ப்பான், ஹேக்கிள் அளவி போன்றவை இரண்டாம் வரிசை. இழுப்பறையில் இருந்தாலும் நஷ்டமில்லை. இருபது முப்பது துளைகள் கொண்ட மரத் தாங்கிகள் விற்கிறார்கள். துளை இருக்கிறதே என்று கருவி வாங்கும் வியாதி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. துளையிட்ட ஒரு சிறு மரக்கட்டையோ தடித்த நுரைத்துண்டோ அதே வேலையைச் செய்யும்.

கத்தரிக்கோல் மட்டும் இரண்டு வேண்டும். நுனி கூர்மையானது நூலுக்கும் இறகுக்கும். பழையது கம்பிக்கும் ஈயத்துக்கும் இறகுத்தண்டுக்கும். இரண்டுக்கும் கைப்பிடியில் வேறு வேறு நிறத்தில் நூல் சுற்றிவிடுங்கள். செம்புக் கம்பியைக் கூரிய நுனியால் ஒருமுறை வெட்டினால் போதும், அதன் வாழ்க்கை முடிந்தது. கம்பியை வெட்டியே ஆக வேண்டும், மற்றது கையில் இல்லை என்றால் நுனியை விட்டுவிட்டு, வெட்டுவாயின் அடிப்பகுதியில் வைத்து வெட்டுங்கள்.

பாபின் எத்தனை என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நூலைக் கழற்றி மாற்றுவது நேரக்கொலை. கறுப்பு, பழுப்பு, ஆலிவ் ஆகிய மூன்று நிறங்களை மூன்று பாபின்களில் நிரந்தரமாக மாட்டிவைத்தால் பெரும்பாலான ஃப்ளைகள் முடிந்துவிடும். குழலின் வாய் பீங்கானாக இருந்தால் நூலை அறுக்காது. நூலின் தடிமனை டெனியரில் படிக்கப் பழகுங்கள்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே டெனியர். 70 டெனியர் சிறிய முட்களுக்கு, 140 டெனியர் வூலி பக்கர் போன்ற பெரியவற்றுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும். 6/0, 8/0 என்று எழுதியிருப்பதை நம்பி இரண்டு நிறுவனங்களின் நூலை ஒப்பிட முடியாது. ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் எண் போடுகிறார்கள். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயர் தம்முடைய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை நூலே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். நூலின் வேலையும் எடையின் வேலையும் ஒரே கம்பியில் முடிந்தன. அந்த ஃப்ளைக்கு அவருக்குத் தேவைப்பட்ட பொருள்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் மிஞ்சும். நூற்கண்டுகள் வாங்கும் ஆசை வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

சரக்கை எப்படி வகைப்படுத்துவது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு ஃப்ளைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பவர்கள் ஒரு கட்சி. இறகு ஓரிடம், உரோமம் ஓரிடம் என்று பொருள்வாரியாக வைப்பவர்கள் மறு கட்சி. முதல் முறை தொடக்கத்தில் சுகமாக இருக்கும். ஆனால் ஒரே மயில் இறகு நான்கு ஃப்ளைகளுக்குத் தேவைப்படும்போது, நான்கு பெட்டிகளிலும் மயில் இறகு வாங்கிப் போட வேண்டிவரும், அல்லது எந்தப் பெட்டியில் போட்டோம் என்று தேட வேண்டிவரும். எனவே கிடங்கு பொருள்வாரியாக இருக்கட்டும்; மேசைக்கு வருவது மட்டும் ஃப்ளைவாரியாக வரட்டும். விளிம்பு உயர்ந்த ஒரு தட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எல்க் ஹேர் கேடிஸ் என்றால் அதற்கான முள், நூல், டப்பிங், ஹேக்கிள், எல்க் உரோமம் ஆகியவற்றை மட்டும் தட்டத்தில் எடுத்து வந்து கட்டி, முடிந்ததும் தட்டத்தோடு கொண்டுபோய் அந்தந்த இடத்தில் திருப்பி வையுங்கள். மேசையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பன்னிரண்டு ஃப்ளைகள் கட்டுவதானால் பன்னிரண்டு முட்களிலும் முதலில் மணியைக் கோத்துவிடுங்கள்; ஹேக்கிள்களையும் அளந்து, அடியிழை உருவி வரிசையாக வைத்துவிடுங்கள். நீரில் மிதக்கும் உலர்ஃப்ளைக்கு ஹேக்கிள் இழையின் நீளம் முள்வாயின் (முள்நுனிக்கும் தண்டுக்கும் இடைவெளி) அகலத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருப்பது வழக்கம். இந்த அளவெடுப்பைக் கட்டுவதற்கு நடுவே செய்தால் கையின் தாளம் கெட்டுவிடும். நன்றாக அமைந்த ஒரு மாதிரி ஃப்ளையை நுரைத்துண்டில் குத்திக் கண்ணெதிரே வைத்துக்கொண்டால், பன்னிரண்டாவதும் முதலாவதைப் போலவே வரும்.

கிடங்குக்கு ஒளி ஊடுருவும், மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிகள் நல்லவை. ஒளி ஊடுருவுவதால் அவற்றை அலமாரிக்குள் வைக்க வேண்டும். ஜிப் பைகளைப் பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். நூலகத்து அட்டைப்பெட்டியில் அட்டைகள் நிற்பதுபோல நிமிர்த்தி வரிசையாக நிறுத்துங்கள். பையின் மேல்விளிம்பில் பெயர் எழுதுங்கள். விரலால் தள்ளிப் பார்த்தாலே வேண்டியது கிடைத்துவிடும். சேவல் கழுத்துத் தோலை மட்டும் மடக்கக் கூடாது. அட்டை வைத்த உறையில் தட்டையாக இருக்கட்டும். மடங்கிய இறகுத்தண்டு முள்ளில் சுற்றும்போது திரும்பிக்கொள்ளும். மராபு (பஞ்சு போன்ற இறகு), சிடிசி (வாத்தின் வால்பக்க மென்னிறகு) போன்ற மென்மையானவற்றை அழுத்தி அடைக்காதீர்கள். செயற்கை இழைகளைத் தனிப் பெட்டியில் போடுங்கள். அதற்கான காரணம் பூச்சி விஷயத்தில் வரும்.

முட்களை அவை வந்த பொட்டலத்திலேயே வைத்திருங்கள். அறைகள் பிரித்த அழகான பெட்டிக்கு மாற்றினால், ஆறு மாதத்துக்குப் பிறகு இது 14-ஆ 16-ஆ, உலர்ஃப்ளை முள்ளா, நீரில் மூழ்கும் நிம்ஃபின் முள்ளா என்று யாருக்கும் தெரியாது. எண் கூடினால் முள் சிறிதாகும். 1-க்கு மேலே போனால் 1/0, 2/0 என்று பெரிதாகும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவுகோல் இல்லாததால், ஒரு நிறுவனத்தின் 14 இன்னொன்றின் 16-ஐ ஒத்திருப்பதும் உண்டு. மாற்றியே தீர வேண்டும் என்றால் பொட்டலத்தின் பெயர்ச்சீட்டை வெட்டி அறைக்குள் போட்டுவிடுங்கள். முள் பெட்டிக்குள் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பை துருவைத் தள்ளிப்போடும். மணிகளை அறைப் பெட்டியில் வைப்பதில் தவறில்லை, ஆனால் பித்தளையையும் டங்ஸ்டனையும் கலந்துவிடாதீர்கள். பித்தளையின் அடர்த்தி நீரைப் போல் சுமார் எட்டரை மடங்கு, ஈயம் பதினொன்றுக்குச் சற்று மேல், டங்ஸ்டன் பத்தொன்பதுக்கும் மேல். பூச்சு ஒரே நிறமாக இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நீரில் ஒன்று மிதமாக இறங்கும், மற்றது அடிக்குப் போய்விடும்.

பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மேசையின் மொத்தச் சரக்கையும் ஒரே பருவத்தில் அழிக்கக்கூடியது இது ஒன்றுதான். எதிரிகள் இருவர்: துணி அந்துப்பூச்சி, கம்பள வண்டு. இரண்டிலும் கேடு செய்வது வளர்ந்த பூச்சி அன்று, அதன் புழு. இறகிலும் உரோமத்திலும் கம்பளியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கும் திறன் அந்தப் புழுக்களுக்கு உண்டு. செயற்கை இழை அவற்றுக்கு உணவாகாது. கம்பள வண்டு வளர்ந்த பிறகு பூக்களின் மகரந்தத்தைத் தின்று வாழ்வதால் திறந்த ஜன்னல் வழியாகவும் வீட்டுக்குள் வரும். ஆனால் பெரும்பாலும் பூச்சி நம் மேசைக்கு வருவது நாம் வாங்கியோ நண்பர் கொடுத்தோ வந்த தோலுக்குள் ஒளிந்துதான். புழு இருட்டையும் அமைதியையும் விரும்பும். ஆண்டுக்கணக்கில் திறக்காத பெட்டியே அதற்குச் சொர்க்கம்.

அறிகுறிகள் இவை: பையின் அடியில் மணல் போன்ற துகள்கள், இழை இழந்து மொட்டையான இறகுத்தண்டு, உரோமத்தோலில் இருந்து கொத்தாக உதிரும் மயிர், பட்டுநூல் போன்ற சிறு கூடுகள், முள்முடி படர்ந்த காய்ந்த சட்டைகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பையை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள்.

வருமுன் காக்க ஒரே விதி போதும்: இயற்கைப் பொருள் எதுவானாலும், எங்கிருந்து வந்தாலும், ஃப்ரீசரில் இருந்துவிட்டுத்தான் கிடங்குக்குள் போக வேண்டும். காற்றை வெளியேற்றி, இறுக மூடிய பையில் போட்டு, −18 டிகிரி செல்சியஸில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த இறகில் நீராகப் படியும். சந்தேகம் அதிகம் என்றால் ஒருநாள் வெளியே வைத்துவிட்டு மறுபடியும் உறையவிடலாம். கொழுப்புப் பிசுபிசுப்புள்ள தோல் என்றால், அதற்கு முன் இளஞ்சூட்டு நீரில் மிதமான சோப்புப் போட்டு அலசி, தாளின் மேல் விரித்து நிழலில் முழுக்க உலர்த்துங்கள்.

பாச்சை உருண்டை போட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். நாப்தலீனும் பாராடைகுளோரோபென்சீனும் காற்றுப் புகாத பெட்டியில் ஆவி நிறைந்து நின்றால்தான் புழுவைக் கொல்லும். திறந்த அலமாரியில் நாற்றம் மட்டும்தான் மிஞ்சும். மேலும் நீங்கள் முகத்தை அரை மீட்டரில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்யும் இடத்தில் அந்த ஆவி உடலுக்கு ஆகாது. சில வகைப் பிளாஸ்டிக் பெட்டிகளையும் அது இளக்கிவிடும். தேவதாரு மரத்துண்டின் மணம் நமக்குப் பிடிக்கும். அது மங்கிய பிறகு பூச்சி அதைப் பொருட்படுத்தாது. இவற்றைவிட, பருவத்துக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் தட்டிப் பார்ப்பது பலன் தரும். ஒவ்வொரு தோலையும் தனிப் பையில் வைப்பதும் இதற்காகத்தான்: ஒன்றில் வந்தால் அதோடு நிற்க வாய்ப்பு உண்டு. மெல்லிய பாலித்தீனைத் துளைக்கும் புழுக்களும் இருப்பதால், பை தடிமனாகவும் அதற்கு வெளியே இறுகிய பெட்டியும் இருக்கட்டும்.

பசைகளுக்கு வருவோம். தலைமுடிச்சில் பூசும் சிமென்ட் பெரும்பாலும் ஆவியாகும் கரைப்பானில் கலந்தது. குப்பி சாய்ந்தால் மேசை, ஹேக்கிள், பொறுமை மூன்றும் போகும். அடி அகன்ற மரக்கட்டையில் குப்பியின் அளவுக்குக் குழி வெட்டி அதில் நிறுத்துங்கள், ஊசியால் ஒரு துளி எடுத்ததும் மூடிவிடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். புறஊதாப் பிசினோ ஆவியை நம்பாமல் ஒளியில் கெட்டியாகும். அதற்கான கைவிளக்குகள் பெரும்பாலும் 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. வெயிலிலும் அந்த ஒளி உண்டு என்பதால் ஜன்னலோரத்தில் திறந்து வைத்த பிசின் குழாயின் மூக்கிலேயே இறுகிவிடும். கைவிளக்கின் ஒளியைக் கண்ணுக்கு நேராகக் காட்டாதீர்கள், பளபளக்கும் வைஸில் பட்டுத் திரும்புவதையும் உற்றுப் பார்க்காதீர்கள். கெட்டியாகாத பிசினில் உள்ள அக்ரிலேட் தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். வந்தபின் அது எளிதில் விடாது. பிசின் அதிகம் புழங்கும் நாளில் நைட்ரைல் கையுறை போடுங்கள். ஈயக் கம்பி தொட்டால் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். புதிதாக வாங்குவதானால் ஈயமில்லாத கம்பியே போதும்.

குப்பைக்கு இடம் ஒதுக்காத மேசை ஒரே மாலையில் உரோமக்காடாகிவிடும். வைஸுக்குக் கீழே மேசை விளிம்பில் வாய் அகன்ற துணிப்பை ஒன்றைக் கம்பி வளையத்தில் மாட்டுங்கள். வெட்டியது நேராக அதில் விழும். மான் உரோமத் தலையைச் செதுக்குவதை மேசையில் செய்யவே வேண்டாம். ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் கைகளை விட்டுச் செதுக்குங்கள். கட்டும்போது மின்விசிறி சுற்றக் கூடாது, குறிப்பாக சிடிசியும் மராபும் வெளியே இருக்கும்போது. எழுந்திருக்கும் முன் நீண்ட கைப்பிடிக் காந்தம் ஒன்றைத் தரையில் ஒருமுறை ஓட்டுங்கள். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் இது கட்டாயம். பித்தளை மணி காந்தத்தில் வராது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

இறகுகளின் பூர்வீகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. திருடியவர் பழைய பாணி சால்மன் ஃப்ளைகள் கட்டும் பித்துக் கொண்ட ஓர் இளைஞர். அந்த இறகுகளை விலை கொடுத்து வாங்கியவர்களும் ஃப்ளை கட்டுபவர்களே. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது போக ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. கீழே கிடந்த இறகாக இருந்தாலும், அது எந்தப் பறவையுடையது, அதை வைத்திருக்க அனுமதி உண்டா என்று பார்த்துத்தான் பெட்டிக்குள் போட வேண்டும். வாங்கிய பொருளின் உறையையும் ரசீதையும் பையோடு சேர்த்து வையுங்கள். பழைய தொகுப்பு யாரேனும் அன்பளிப்பாகத் தந்தால், பெயர் தெரியாத இறகுகளைத் தனியே எடுத்து வைத்து விசாரியுங்கள். அந்தத் தொகுப்பும் ஃப்ரீசர் வழியாகவே வர வேண்டும்.

கடைசியாக, கட்டி முடித்தவற்றுக்கும் இடம் வேண்டும். சிமென்ட் பூசிய ஃப்ளை ஓர் இரவு முழுக்க நுரைத்துண்டில் நின்று உலரட்டும்; முள்ளின் கண்ணை அதற்கு முன்பே ஊசியால் குத்தித் துப்புரவாக்கிவிடுங்கள், பசை இறுகிய கண்ணில் ஆற்றங்கரையில் நூல் கோர்க்க முடியாது. மீன்பிடித்துத் திரும்பிய ஃப்ளைகளை நனைந்தபடியே பெட்டியில் மூடிவைத்தால் ஒரு முள்ளின் துரு பக்கத்தில் உள்ளவற்றின் ஹேக்கிளிலும் கறையாக ஏறும். பெட்டியைத் திறந்தே வைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். உப்புநீரில் போட்டவற்றை நல்ல நீரில் அலசி உலர்த்தித் தனிப் பெட்டியில் வையுங்கள். புதியவற்றோடு சேர்க்க வேண்டாம்.